பின்னிணைப்புக்குப் போன மலை

மலையேற்ற நூல்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கும். எந்த முகாமில் எத்தனை இரவு தங்கினார்கள், எங்கே கயிறு கட்டினார்கள், எத்தனை மணிக்கு உச்சியில் கால் வைத்தார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். அந்த மலையில் என்ன பூத்தது, எந்தப் பறவை எந்த உயரம் வரை கூட வந்தது, பாறை என்ன வகை, பனி ஏன் அந்த இடத்தில் மட்டும் பிளந்து கிடந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. முந்நூறு பக்கமும் மலைமீதே நடக்கும் கதையில் மலையைக் காணோம். இயற்கை நூல்களின் சங்கடம் வேறு. பக்கத்துக்குப் பக்கம் பூவும் பறவையும் உண்டு. அவற்றைத் தேடிப் போனவருக்குக் கால் வழுக்கியதா, வழி தப்பியதா, பயம் வந்ததா என்று ஒரு வரி இருக்காது.

இந்த இரண்டு வகையும் ஒரு காலத்தில் ஒரே நூலாக இருந்தவை. எப்போது பிரிந்தன, ஏன் பிரிந்தன என்பதை ஆசிரியர்களின் முன்னுரைகளை வைத்துச் சொல்ல முடியாது. முன்னுரையில் எல்லோருமே இயற்கையை வணங்குவார்கள். நூலின் அமைப்பைப் பார்க்க வேண்டும்: எது நடுவில் இருக்கிறது, எது கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, எது அடியோடு இல்லை. குறிப்பாகப் பின்னிணைப்புகளைப் புரட்டினால் ஏறக்குறைய முழு வரலாறும் கையில் வந்துவிடும்.

ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கையியலாளர் ஹொராஸ்-பெனடிக்ட் த சோசூரிலிருந்து தொடங்கலாம். 1760-இல், இருபது வயது இளைஞராக, ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலைக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தவர் அவர். அந்தப் பரிசைப் பெற ஆள் கிடைக்க 26 ஆண்டுகள் ஆயின. ஷாக் பால்மா, மிஷேல் பக்கார் என்ற இருவர் 1786 ஆகஸ்ட் 8-ஆம் தேதி உச்சியை அடைந்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் சோசூரே ஏறினார், கருவிகளைச் சுமக்கப் பதினெட்டு வழிகாட்டிகளோடு. உச்சியில் நாலரை மணி நேரம் இருந்தார். கொடி நட்டுவிட்டு இறங்கும் வேலை இல்லை அது. காற்றழுத்தத்தை அளந்தார், நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்தார், வானத்தின் நீலத்தைக்கூட அளந்தார். வெண்மையிலிருந்து கருநீலம் வரை படிப்படியாகச் சாயமேற்றிய காகிதத் துண்டுகளை வானத்துக்கு நேராகப் பிடித்து, எந்தத் துண்டோடு வானம் ஒத்துப்போகிறது என்று குறித்துக்கொண்டார். இத்தனை ஆண்டு ஏங்கிய உச்சியை அடைந்ததும் மகிழ்ச்சியைவிட ஒருவகைக் கோபத்தோடுதான் அந்தப் பனியை மிதித்தேன் என்றும் எழுதியிருக்கிறார். மூச்சு முட்டல், கோபம், காற்றழுத்தம், பாறை அடுக்குகள் எல்லாமே 1779 முதல் 1796 வரை நான்கு தொகுதிகளாக வந்த அவருடைய ஆல்ப்ஸ் பயண நூலில் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. எதையும் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஜெர்மானிய இயற்கையியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் இந்தக் கலவையை ஒரே படத்துக்குள் அடைத்தார். 1802 ஜூன் 23-ஆம் தேதி அவரும் தாவரவியலாளர் எமே போன்பிளானும் கார்லோஸ் மோந்துஃபாரும் இன்றைய ஈக்வடாரில் உள்ள சிம்பொராசோ மலையில் ஏறினார்கள். அன்றைக்கு உலகின் மிக உயரமான மலை என்று நம்பப்பட்டது அதுதான். ஈறுகளில் இரத்தம் கசிந்தது, கண்கள் சிவந்தன, ஒரு பெரும் பிளவு குறுக்கிட்டதும் உச்சிக்குப் போகாமலே திரும்பினார்கள். ஆக, மலையேற்றக் கணக்கில் அது தோல்வி. ஆனால் 1807-இல் வெளியான தாவரப் புவியியல் நூலோடு ஹம்போல்ட் இணைத்த செதுக்குப் படத்தைப் பாருங்கள். மலை நடுவே வெட்டப்பட்டு நிற்கிறது. வெட்டு முகத்தில் கோடுகளுக்கும் நிழல்களுக்கும் பதிலாகத் தாவரங்களின் பெயர்கள், அவை வளரும் உயரத்திலேயே பொடி எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அடிவாரத்தில் பனைகள், மேலே போகப் போகப் புதர்கள், புற்கள், கடைசியாகப் பாறையில் ஒட்டும் லைக்கன்கள். இருபுறமும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், நீரின் கொதிநிலை, சோசூரின் கருவி காட்டிய வான நீலம் ஆகியவற்றுக்குப் பத்தி பத்தியாக எண்கள். ஏறியவர் ஒவ்வொரு அடியிலும் எதைக் கடந்தார் என்பது அந்தப் படத்தில் இருக்கிறது. சாகசத்தையும் இயற்கையையும் இவ்வளவு நெருக்கமாகக் கட்டிய பக்கத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

கட்டு அவிழத் தொடங்கியது அரை நூற்றாண்டு கழித்து. இயற்பியலாளர் ஜான் டின்டால் 1860-இல் ஆல்ப்ஸ் பனியாறுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நல்ல மலையேறி; மறு ஆண்டே வைஸ்ஹார்ன் உச்சியை முதன்முதலில் அடைந்தவர். அந்த நூல் இரண்டு பாகமாக வந்தது: முதல் பாகம் பெரும்பாலும் பயணக் கதை, இரண்டாம் பாகம் பெரும்பாலும் அறிவியல். காரணம் நல்லெண்ணம்தான். கதை வேண்டியவர் பனிக்கட்டியின் இயற்பியலில் சிக்கித் தவிக்க வேண்டாம், இயற்பியல் வேண்டியவர் சிற்றுண்டி விவரங்களைத் தாண்டிப் போக வேண்டாம். ஆனால் ஒரு நூலுக்கு நடுவே வேலி போட்டுவிட்டால் வாசகரும் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தவர் லெஸ்லி ஸ்டீஃபன். 1857-இல் லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கிய பிறகு, மலையேறுவது ஆராய்ச்சியும் அல்ல, யாத்திரையும் அல்ல, விளையாட்டு என்று வெளிப்படையாகச் சொல்லும் தலைமுறை வந்துவிட்டது. அதன் கூர்மையான பேனா ஸ்டீஃபனுடையது. 1864-இல் ரோத்ஹார்ன் மலையை முதன்முதலாக ஏறியவர்களில் அவர் ஒருவர். உச்சியில் என்ன விஞ்ஞான அவதானிப்பு செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்ன பதில் இது: வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சுமார் 212 டிகிரி, என்னிடம் வெப்பமானி இல்லை, ஓசோனைப் பொறுத்தவரை, அது அந்தக் காற்றில் இருந்திருந்தால், நான் நினைத்ததைவிடப் பெரிய முட்டாள் அந்த ஓசோன். நகைச்சுவை நன்றாகவே இருக்கிறது. இந்தக் கட்டுரைகளைத் தொகுத்து 1871-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே ஆல்ப்ஸை ஐரோப்பாவின் விளையாட்டு மைதானம் என்றது. ஒருவிதத்தில் அவர் நேர்மையானவர். மலைமீது ஆசைப்பட்டு ஏறிவிட்டு, அதை மறைக்கக் காற்றழுத்தமானியைத் தூக்கிப் போகிறவர்களின் பாசாங்கைத்தான் அவர் கேலி செய்தார். ஆனால் கேலி வென்றது. அதன்பின் உச்சியில் குறிப்பேட்டை எடுப்பவர் சற்றுக் கூச்சப்பட்டே எடுத்தார்.

அதே 1871-இல் ஆங்கில மலையேறி எட்வர்ட் விம்பரின் நூலும் வந்தது. ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் உச்சியை 1865 ஜூலை 14-ஆம் தேதி ஏழு பேர் அடைந்ததும், இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்ததும், மீதி மூவரில் விம்பர் ஒருவர் என்பதும் பலரும் அறிந்த கதை. மலையேற்ற நூல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அடுத்த நூறாண்டுக்கு இலக்கணம் வகுத்தது அந்த நூல்தான்: பல முயற்சிகள், பல தோல்விகள், போட்டியாளர், உச்சி, அதற்குக் கொடுத்த விலை. விபத்துக்குப் பின் வானத்தில் மூடுபனியின் நடுவே ஒளி வளைவும் சிலுவைகளும் தெரிந்ததாக விம்பர் எழுதி, படமும் வரைந்திருக்கிறார். தொழிலால் அவர் செதுக்கோவியர். பார்த்ததைப் பார்த்தபடி வரையும் கை. அவ்வளவு கூர்மையான கண் கொண்டவர்கூட அந்த வளிமண்டலக் காட்சியைக் கதைக்கு வேண்டிய சகுனமாகத்தான் பயன்படுத்திக்கொண்டார்.

விம்பர் இயற்கையை மதிக்காதவர் அல்ல. 1880-இல் அவர்தான் சிம்பொராசோவின் உச்சியை முதன்முதலில் அடைந்தார், ஹம்போல்ட் திரும்பிய அதே மலை. ஆண்டீஸ் மலைகளில் பூச்சிகளை விடாமல் சேகரித்தார். அமேசானை ஆராய்ந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் போன்ற நிபுணர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். அந்தப் பகுதி 1891-இல் வெளியானது, பயண நூலுக்கு உள்ளே அல்ல, தனித் துணைப் பின்னிணைப்புத் தொகுதியாக. ஹம்போல்ட் சிம்பொராசோவின் வயிற்றுக்குள்ளேயே தாவரப் பெயர்களை எழுதினார். எண்பது சொச்சம் ஆண்டு கழித்து அதே மலையின் பூச்சிகளுக்கு வேறு அட்டை போட வேண்டியதாயிற்று. பயண நூலை வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்தத் தொகுதியையும் வாங்கியிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

எவரெஸ்ட் பயணங்களில் இந்தச் சரிவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1921-இல் வழி தேடிப் போன முதல் குழுவில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் சென்றவர் அலெக்சாண்டர் வோலாஸ்டன். அந்தப் பயண நூலில் அவருக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. பாலூட்டிகள், பறவைகள், செடிகளின் பட்டியல் பின்னிணைப்பில் உண்டு. அவர் கண்ட ஊதா நிற மணிப் பூ ஒன்று பிரிமுலா வோலாஸ்டோனி என்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. 1924-இல் அந்த இடத்தில் ரிச்சர்ட் ஹிங்ஸ்டன். உச்சியை நோக்கிப் போன மல்லோரியும் இர்வினும் மேகத்துக்குள் மறைந்த அந்தப் பயணத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. அதே மலையில் ஹிங்ஸ்டன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது பலருக்குத் தெரியாது. சுமார் 6,700 மீட்டர் உயரத்தில், செடி என்று சொல்ல ஒன்றுமில்லாத கற்களுக்கு இடையே, குதிக்கும் சிலந்திகளைக் கண்டார். அவற்றுக்கு அங்கே என்ன தீனி? ஹிங்ஸ்டனுக்குப் புரியவில்லை, ஒன்றை ஒன்று தின்றே வாழ்கின்றன போலும் என்று நினைத்தார். பின்னர் உயிரியலாளர் லாரன்ஸ் ஸ்வான் போன்றவர்கள் விடை கண்டார்கள். தாழ்வான பகுதிகளிலிருந்து காற்று மகரந்தத்தையும் விதைத் துணுக்குகளையும் செத்த பூச்சிகளையும் மேலே கொண்டுவந்து கொட்டுகிறது. அதில் வளரும் பூஞ்சையைச் சிற்றுயிர்கள் தின்கின்றன, சிற்றுயிர்களைச் சிலந்தி தின்கிறது. காற்று சமைத்துப் போடும் உணவில் ஒரு முழு உயிர்ச் சங்கிலி. அந்தச் சிலந்திக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1975-இல்தான். ஆக்சிஜன் உருளை இல்லாமல் பிறந்து வளர்ந்து சாகும் பிராணி அது. எந்தக் காவியத்துக்கும் குறையாத பாத்திரம், ஆனால் கதையில் இடமில்லை.

1953-இல் டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சியை அடைந்தார்கள். குழுத் தலைவர் ஜான் ஹன்ட் எழுதிய நூலிலும் பின்னிணைப்புகளுக்குக் குறைவில்லை: திட்டமிடல், கருவிகள், ஆக்சிஜன், உணவு, உடலியல். பூவும் சிலந்தியும் போய், குழுவின் உடல் வந்துவிட்டது. மலையின் இடத்தை ஏறுபவரின் நுரையீரல் பிடித்துக்கொண்டது என்று சொன்னால் மிகையில்லை. அந்த உடலியல் பகுதியை அலுப்பானது என்று தள்ளிவிடக் கூடாது. என் கணக்கில் அந்த வெற்றியின் உண்மையான விளக்கம் அங்கேதான் இருக்கிறது: எவ்வளவு நீர் குடிக்க வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்குகளில். முதன்மைக் கதையோ இராணுவ ஒழுங்கோடு முகாம் முகாமாக நகர்கிறது. தூக்கம் வருவதும் உண்டு.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம்; மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல.

முதலாவது உடல். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். மூளைக்குப் பிராணவாயு பற்றாதபோது கவனிப்பது என்ற வேலையே நின்றுவிடுகிறது. 1933-இல் எவரெஸ்டில் தனியாக ஏறிக்கொண்டிருந்த ஃபிராங்க் ஸ்மைத், தன்னுடன் இன்னொருவர் வருகிறார் என்ற உணர்வில், மின்ட் கேக் என்ற இனிப்பைப் பிட்டு, பாதியை நீட்டத் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. 1950 ஜூன் 3-ஆம் தேதி நேபாளத்தின் அன்னபூர்ணா உச்சியிலிருந்து இறங்கும்போது பிரெஞ்சுக் குழுவின் தலைவர் மோரிஸ் ஹெர்சாக் பையைத் திறக்கக் கையுறைகளைக் கழற்றி வைத்தார். அவை சரிவில் உருண்டு போயின. பையில் உபரிக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. விரல்களை இழந்தார். பையில் இருந்த காலுறையே நினைவுக்கு வராத நிலையில் பனியின் நிறம் நினைவில் நிற்குமா? உயரமான மலைகளின் மேல்பாகம் நூல்களில் வெறுமையாக இருப்பதற்கு எழுத்தாளரின் அலட்சியம் மட்டும் காரணம் அல்ல.

இரண்டாவது பணமும் ஒப்பந்தமும். எண்ணாயிரம் மீட்டரைத் தாண்டும் மலைக்குப் போவது பெரும் செலவு. அதில் ஒரு பகுதியை நாளிதழின் தனியுரிமையும் பின்னர் வரப்போகும் நூலும் திருப்பித் தர வேண்டும். நூல் விற்க உச்சி வேண்டும், ஒரே குரல் வேண்டும். அன்னபூர்ணா குழுவினர் ஐந்து ஆண்டுகளுக்கு எதையும் வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டிருந்தார்கள். எழுதும் உரிமை ஹெர்சாக்குக்கு மட்டும். கையில் விரல் இல்லாத நிலையில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் 1951-இல் வந்தது, மொழி மொழியாக மொழிபெயர்க்கப்பட்டது, ஒரு தலைமுறையையே மலைக்கு அனுப்பியது. அவருடன் உச்சிக்குப் போன லூயி லாஷ்னலின் குறிப்புகள், லாஷ்னல் 1955-இல் பனிப் பிளவில் விழுந்து இறந்த பிறகு, வெட்டிச் செப்பனிடப்பட்டு வெளியாயின. வெட்டப்படாத பிரதி 1996-இல்தான் வந்தது. அதில் லாஷ்னல் சொல்வது சுருக்கமானது: தனியாக இருந்தால் திரும்பியிருப்பேன்; ஹெர்சாக்கைத் தனியே விட்டால் அவர் திரும்பி வரமாட்டார் என்று தோன்றியது, அதனால் கூடப் போனேன். நாட்டின் பெருமை என்ற பேச்சே அதில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஹெர்சாக்கின் நூலிலும் எனக்குப் பிடித்த பகுதி உச்சிக்கு முந்தியது. அவர்களிடம் இருந்த வரைபடம் தவறானது. வாரக்கணக்கில் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக ஏறி இறங்கி, அன்னபூர்ணாவுக்குப் போகும் வழி எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். வழி தெரியாதவன் மலையை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். எந்த முகடு எதை மறைக்கிறது, இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டே ஆக வேண்டும். அந்தப் பக்கங்களில் மலை நிஜமாகவே இருக்கிறது. வழி கிடைத்ததும் மலை மறைந்து ஏணி ஒன்றுதான் மிஞ்சுகிறது.

மூன்றாவது காரணம் கதையின் வடிவம், இதுவே கனமானது. உச்சி என்பது தயாராகக் கிடைக்கும் முடிவு. கீழே தொடங்கி மேலே முடியும் கதையில், மேலே கொண்டு போகாத எதுவும் தடங்கல் ஆகிவிடுகிறது. பூவுக்காக நின்றால் நேரம் போகிறது. மனிதர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அன்னபூர்ணாவில் ஷெர்பாக்களின் தலைவராக இருந்த ஆங் தார்க்கேவை உச்சிக்கு வருமாறு ஹெர்சாக் அழைத்தார். கால் மரத்துப் போவதால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மலையை யாரையும்விட நன்கு அறிந்த ஒருவர், தன் கால்களின் பேச்சைக் கேட்டு எடுத்த மிகச் சரியான முடிவு. முதன்மைக் கதையில் அது ஓரிரு வரிகளில் கடந்து போகிறது. ஆங் தார்க்கேயின் நினைவுக் குறிப்பு 1954-இல் பிரெஞ்சில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத டென்சிங் சொல்லி, ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதிய வாழ்க்கைக் கதை 1955-இல் வந்தது. சுமந்தவர்களின் தரப்பை அறிய விரும்புகிறவர் இவற்றிலிருந்து தொடங்குவதே நல்லது.

உச்சியை முடிவாகக் கொள்ளாத மலைநூல் எழுத முடியுமா? முடியும், எழுதியும் இருக்கிறார்கள். தமிழ் வாசகருக்கு அதன் மிகப் பழைய மாதிரி கையருகிலேயே உண்டு. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு மலைவழியைச் சொல்கிறது. சொல்பவர் அந்த வழியே போய்த் திரும்பியவர், கேட்பவர்கள் இனிப் போக வேண்டிய கூத்தர்கள். அதனால் வீரத்துக்கு அங்கே வேலை இல்லை, தகவலுக்குத்தான் வேலை. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், பார்த்துப் போங்கள். பாம்பு இருக்கும் குழிகள் உண்டு. தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவணில் எறியும் கற்கள் பாய்ந்து வரும். பாசி படர்ந்து அடி தளரும் இடம் ஒன்று வரும், அங்கே மூங்கிலின் மெல்லிய கோலையும் எருவை நாணலின் தண்டையும் பற்றிக்கொண்டு கடந்து போங்கள். கடைசி அறிவுரை எந்தக் காலத்து மலையேற்றக் கையேட்டிலும் இருக்கத் தக்கது. அடுத்து மலையின் ஒலிகள் வரிசையாக வருகின்றன: அருவியின் முழக்கம், முள்ளம்பன்றி குத்திய கானவனின் அழுகை, புலி பாய்ந்த கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு, பிளவுக்குள் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் ஓலம். ஆபத்தும் இயற்கையும் இங்கே இரண்டு அலமாரிப் பொருள்கள் அல்ல. மலையில் எது கேட்கிறது என்று சொன்னாலே எது கொல்லும் என்பதும் சொல்லியாகிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வகைக்கு நெருங்கி வருபவர் ஸ்காட்லாந்தின் நான் ஷெப்பர்ட். கேர்ன்கார்ம்ஸ் மலைகளைப் பற்றி அவர் எழுதிய 'தி லிவிங் மவுன்டன்' இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுதப்பட்டு, முப்பது ஆண்டுகள் மேசை இழுப்பறையில் கிடந்து, 1977-இல் அச்சேறியது. மெலிந்த நூல். அதன் அத்தியாயங்கள் நாள்வாரியாகப் போவதில்லை. பீடபூமி, நீர், உறைபனி, காற்றும் ஒளியும், செடிகள், தூக்கம் என்று போகின்றன. இளமையில் உச்சிகளைத் தேடியவர்தான் அவரும். பின்னர் மலையின் மேலே போவதை விட்டு மலையின் உள்ளே போகத் தொடங்கினார். ஓரிடத்தில் குனிந்து கால்களுக்கு இடையே தலையை விட்டு, தலைகீழாக மலையைப் பார்க்கச் சொல்கிறார். பழகிப்போன நிலக்காட்சி புதிதாகத் தெரியும், ஒவ்வொரு பொருளும் நம்மை நோக்கி வராமல் தனக்காகத் தான் நிற்பது தெரியும் என்கிறார். மலையேற்ற இலக்கியத்தில் கௌரவக் குறைவான ஒரு தோற்றத்தைத் துணிந்து சிபாரிசு செய்தவர் என்ற வகையிலும் அவர்மீது எனக்கு மதிப்பு அதிகம். ஆபத்து அந்த நூலில் இல்லாமல் இல்லை. பனிப்புயலில் வழி தவறி இறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறார். குரலை மட்டும் உயர்த்துவதில்லை.

அமெரிக்க இயற்கையியலாளர் ஜான் மியூர் வேறு மாதிரி. அவர் ஆபத்தைத் தேடிப் போவார், ஆனால் மலையைப் பார்ப்பதற்காக. 1874 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா காட்டில் பெருங்காற்று அடித்தபோது, நூறடி உயர டக்ளஸ் மரம் ஒன்றின் உச்சியில் ஏறி, அது வளைந்து வளைந்து ஆட, மணிக்கணக்கில் அங்கேயே இருந்தார். ஒவ்வொரு மர இனமும் காற்றில் எழுப்பும் ஓசை எப்படி வேறுபடுகிறது, மணம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தார். இது 1894-இல் வந்த அவருடைய சியரா நூலில் ஓர் அத்தியாயம். ரிட்டர் மலையின் செங்குத்துச் சுவரில் மேலும் போக முடியாமல் கீழும் இறங்க முடியாமல் ஒட்டிக்கொண்டு நின்றது இன்னோர் அத்தியாயம். நீரோடைக்குள் மூழ்கி நடந்து இரை தேடும் சின்னஞ்சிறு பறவை ஒன்றுக்கும் முழு அத்தியாயம் உண்டு. மூன்றையும் ஒரே உற்சாகத்தோடு எழுதுகிறார். சில சமயம் உற்சாகம் திகட்டும், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பனியாறுகள் குடைந்தன என்று, தரை தாழ்ந்ததால் உருவானது என்ற அன்றைய புவியியல் அதிகாரியின் கருத்துக்கு எதிராக, 1871-இலேயே எழுதியவர் இவர். பாறையில் கைவைத்து ஏறியதால் கிடைத்த அறிவு அது.

ஒரே நடையிலிருந்து இரண்டு நூல்கள் பிறந்த கதையும் உண்டு. 1973-இல் நேபாளத்தின் டோல்போ பகுதிக்கு விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலரும் எழுத்தாளர் பீட்டர் மாத்தீசனும் சேர்ந்து நடந்தார்கள். ஷாலருக்குத் தெரிய வேண்டியது பரல் என்ற நீல ஆடு உண்மையில் செம்மறியா வெள்ளாடா என்பது. இணைசேரும் காலத்தில் அவற்றின் நடத்தையைப் பார்த்து, செம்மறியின் சாயல் கொண்ட வெள்ளாடு என்ற முடிவுக்கு வந்தார். மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்த மாத்தீசன் வேறொன்றைத் தேடினார். பனிச்சிறுத்தையின் பெயரைத் தாங்கி 1978-இல் வந்த அவருடைய நூலில் பனிச்சிறுத்தை கடைசிவரை கண்ணில் படுவதில்லை. காலடித் தடமும் எச்சமும் மட்டும். உச்சியைத் தொடாத ஹம்போல்ட்டின் வரிசையில் இவரையும் சேர்க்கலாம். ஷாலரின் நூல் 1980-இல் வந்தது. அது குறைவாகப் படிக்கப்படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் கிடைப்பது அதிகம்: ஒரே கணவாய், ஒரே குளிர், ஒருவர் மந்தையில் எத்தனை கிடா என்று எண்ணுகிறார், மற்றவர் தன் கோபத்தை எண்ணுகிறார்.

கடந்த சில பத்தாண்டுகளில் பழைய நூல்களின் ஒதுக்கப்பட்ட பக்கங்களுக்குத் திடீரென்று வேலை வந்திருக்கிறது. ஹம்போல்ட்டின் படத்தை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் 2012-இல் சிம்பொராசோவுக்குப் போனார்கள். தாவரங்கள் சராசரியாக 500 மீட்டருக்கும் மேல் உயர்ந்து ஏறிவிட்டன என்று 2015-இல் அறிவித்தார்கள். 2019-இல் வேறொரு குழு ஹம்போல்ட்டின் மூலக் குறிப்புகளைத் தோண்டி, அந்தப் படத்தில் உள்ள உயரமான பகுதித் தாவரத் தரவுகளில் பெரும்பகுதி சிம்பொராசோவில் அல்ல, அன்டிசானா என்ற வேறு மலையில் எடுத்தவை என்று காட்டியது. அந்த மலையில் ஒப்பிட்டபோது மேலேறிய அளவு பாதியாகக் குறைந்தது. தாவரங்கள் நகர்ந்தது உண்மை, எவ்வளவு என்பதில்தான் திருத்தம். அழகான படத்துக்காகத் தரவுகளை ஒரே மலையில் குவித்த ஹம்போல்ட்டிடம் ஒரு கதைசொல்லி ஒளிந்திருந்தார் என்பதும் வெளிவந்தது. 1921 எவரெஸ்ட் குழு எடுத்த பனியாற்றுப் படங்களையும், ஏறக்குறைய அதே இடங்களில் நின்று 2007 முதல் மலையேறியும் ஒளிப்படக்காரருமான டேவிட் ப்ரீஷியர்ஸ் மறுபடி எடுத்தார். பழைய படத்தில் பனி அலைகளாக நிற்கும் இடத்தில் புதிய படத்தில் கற்குவியல்.

இயற்கைக்கு அடியோடு சம்பந்தமில்லாத நூல் என்று நாம் நினைப்பதும் இந்த வேலையிலிருந்து தப்பவில்லை. அன்னபூர்ணா குழுவில் இருந்த கஸ்தோன் ரெபுஃபா 1973-இல் மோன் பிளாங்க் மலைத்தொடரின் நூறு சிறந்த ஏறுவழிகள் என்று ஒரு கையேடு வெளியிட்டார். எங்கே ஏறுவது, எவ்வளவு கடினம், எத்தனை மணி நேரம் என்பதுதான் உள்ளடக்கம். பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதில் 95 வழிகளை இன்றைய நிலையோடு ஒப்பிட்டார்கள். 93 வழிகள் வெப்பமாதலால் மாறியிருந்தன, 26 வழிகள் பெரிதும் மாறியிருந்தன, மூன்று வழிகள் இப்போது இல்லவே இல்லை. பாறையைப் பிணைத்து வைத்திருந்த உறைபனி உருகி, சுவர்கள் இடிகின்றன. பனியாறு தாழ்ந்து, முன்பு எளிதாகக் கால் வைத்து ஏறிய இடத்தில் இப்போது ஏணி வேண்டியிருக்கிறது. 1955 ஆகஸ்டில் இத்தாலிய மலையேறி வால்டர் பொனாட்டி தன்னந்தனியாக ஆறு நாட்களில் ஏறிய, அதே மலைத்தொடரில் உள்ள த்ரு மலையின் பாறைத் தூண் 2005 ஜூனில் சரிந்து விழுந்தது. அப்போது பொனாட்டிக்கு வயது 75. தூணின் எந்த வெடிப்பில் ஆப்பு அடித்தார், எந்த விளிம்பில் இரவைக் கழித்தார், எங்கே கயிற்றை வீசி ஊசலாடிக் கடந்தார் என்று அவர் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பாறையின் அமைப்பை அறிய விரும்பும் புவியியலாளரும் இனி அந்தச் சாகசக் கதையைத்தான் புரட்ட வேண்டும்.